உங்க லவ் பேர்ட்ஸுக்கு என்ன வயசு, ஸார்?

திருவண்ணாமலைக் கோயிலில் ராஜகோபுரம் தாண்டி, வல்லாள மகாராஜா கோபுரம் தாண்டி உள்ளே போனால் கிளி கோபுரம். அண்ணாந்து பார்த்தால் ஒரு கிளி. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரபுடதேவராயனுக்குப் பார்வை திரும்ப பாரிஜாத மலர் வேண்டும் என்று சம்பந்தாண்டான் கிளப்பிவிட, அருணகிரிநாதர் தன் உடம்பை இங்கே விட்டுவிட்டு, செத்துக் கிடந்த ஒரு கிளியின் உடம்புக்குள் புகுந்து தேவலோகம் பறந்தார். திரும்பி வருவதற்குள் அந்த ஆசாமி இவருடைய உடம்பைக் கொளுத்திவிட்டான். அப்புறம் கிளியாகவே இருந்து பாடினார் என்பது ஐதீகம்.

பக்தர்கள் மன்னிக்க வேண்டும். கூண்டுப் பறவைப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு விபரீதமான சந்தேகம் வரும். அவ்வளவு தூரம் பறக்கப் போகிறவர், அந்தக் கிளிக்கு எத்தனை வயசு என்று எப்படிப் பார்த்திருப்பார்?

ஏனென்றால் கிளி ஜாதிக்கு நரை கிடையாது. முகத்தில் சுருக்கம் கிடையாது. தொப்பையும் கூனும் கிடையாது. ரிட்டயர் ஆகிற அன்று காலை வரை காலேஜ் பையன் மாதிரியே இருக்கும். விற்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி, பாருங்கள்! ‘‘எட்டு மாசம்தான் ஸார் ஆவுது. பானையைக் கட்டுங்க, அடுத்த மாசம் முட்டை!’’ என்று சத்தியம் பண்ணிக் கொடுக்கிற ஜோடி, ஏற்கெனவே நாலு வீட்டில் குடித்தனம் நடத்திவிட்டு வி.ஆர்.எஸ். வாங்கிய ஜோடியாகவும் இருக்கலாம். வாங்குகிறவர் பெரும்பாலும் யார்? மூணாவது சம்பளமோ நாலாவது சம்பளமோ வாங்கியிருக்கிற இளைஞர். பால்கனியில் கூண்டு, கூண்டுக்குள் ஜோடி, ஜோடியிலிருந்து குஞ்சு, குஞ்சு விற்ற காசில் பைக்குக்கு ட்யூ என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பவர்.

அந்த மனக்கணக்கைக் கொஞ்சம் ஆடிட் பண்ணிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிறார்களே, பச்சையிலும் நீலத்திலும் மஞ்சளிலும், உடம்பெல்லாம் அலை அலையாகக் கோடு போட்டுக்கொண்டு, கீச்கீச்சென்று ஓயாமல் பேசிக்கொண்டு... அதன் நிஜப் பெயர் பட்ஜரிகர். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர். குட்டை வால், தடித்த அலகு. நம்மாள் ஆஸ்திரேலியாக்காரர், நீள வால். 1996-ல் பிரபுதேவாவை வைத்து பி.வாசு ‘லவ் பேர்ட்ஸ்’ என்று படமே எடுத்துவிட்டார். இனிமேல் போய்ப் பெயரைத் திருத்துவது நடக்கிற காரியமில்லை. நாமும் லவ் பேர்ட்ஸ் என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற நாடோடிகள் இவை. எங்கே மழை பெய்ததோ அங்கே போய் மரப்பொந்தில் முட்டை வைக்கும். 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். அப்புறம் உலகம் பூராவும் கூண்டுக்குள் வந்தாயிற்று. நிழலும் தண்ணீரும் இருந்தால் திருவண்ணாமலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். மரப்பொந்துக்குப் பதில் பக்கத்தில் ஓட்டை போட்ட மண் பானை. புல், வைக்கோல், பஞ்சு எதுவும் கேட்காது. கட்டாந்தரையில் முட்டை வைக்கிற எளிமை!

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பறவை என்பதால்தான் இதை வளர்க்க முடிகிறது. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜோசியக்காரரின் பெட்டிக்குள் இருக்கிற கிளிக்கும் அதே சட்டம்தான். சீட்டு எடுத்துக் கொடுக்கிற உத்தியோகத்தில் இருப்பதால் விதிவிலக்கு எதுவும் கிடையாது. அனுதாபப்பட்டு ஒரு பச்சைக்கிளிக் குஞ்சை வாங்கி வந்து லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள்.

சரி, வயசு.

நெற்றியில் எழுதியிருக்கிறது

தலையெழுத்து நெற்றியில் இருக்கிறது என்று நம் பாட்டிகள் சொன்னது லவ் பேர்ட்ஸுக்கு நூறு சதவிகிதம் பொருந்தும். பானையை விட்டு வெளியே வந்த குஞ்சுக்கு நெற்றி முழுக்கக் கறுப்புக் கோடுகள் இருக்கும். பின்னந்தலையில் ஆரம்பித்து மூக்கு வரைக்கும் வரி வரியாக இறங்கியிருக்கும், விபூதிப் பட்டை மாதிரி. கலர்தான் கறுப்பு. மூணு, நாலு மாதத்தில் முதல் தடவையாக இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும். அப்போது நெற்றி பளிச்சென்று ஆகிவிடும். பச்சைப் பறவைக்கு மஞ்சள் நெற்றி, நீலப் பறவைக்கு வெள்ளை நெற்றி. கோடெல்லாம் பின்பக்கம் ஒதுங்கிவிடும்.

ஆகவே, நெற்றியில் கோடு இருந்தால் நாலு மாதத்துக்குள். இதில் யாராலும் டூப் விட முடியாது.

அடுத்தது கண். குஞ்சுக்குக் கண் முழுக்கக் கறுப்பு. மிளகை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். நாலைந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கறுப்பைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரிய ஆரம்பிக்கும். எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் அது நன்றாக வெளுத்துவிடும். கடைக்குள் இருக்கிற வெளிச்சத்தில் இது சரியாகத் தெரியாது. கூண்டோடு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கத்தரிக்காய் வாங்கினாலே நாம் புரட்டிப் பார்க்கிற ஆட்கள்தானே!

மூணாவது மூக்கு. அலகுக்கு மேலே இரண்டு துவாரத்தோடு மெத்தென்று ஒரு தோல் இருக்கிறதே, அது. இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். வளர்ந்த ஆணுக்கு மூக்கு நல்ல நீலம். வளர்ந்த பெண்ணுக்கு வெளிறிய நிறம். முட்டை வைக்கத் தயாராகும்போது காபிப்பொடிக் கலர். இதுவரை எல்லோருக்கும் தெரியும். குஞ்சுப் பருவத்தில் கதை வேறு. ஆண் குஞ்சின் மூக்கு ரோஸும் கத்தரிப்பூ நிறமும் கலந்து ஒரே சீராக இருக்கும். பெண் குஞ்சின் மூக்குதான் வெளிர் நீலம்! துவாரத்தைச் சுற்றி மட்டும் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். இந்த வெளிர் நீலத்தைப் பார்த்து ‘ஆண்’ என்று முடிவுகட்டி, இன்னொரு பெண்ணோடு ஜோடி சேர்த்துப் பானை கட்டிவிட்டு, குஞ்சு பொரிக்கும் பொரிக்கும் என்று மாசக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இரண்டுமே முட்டை வைக்கும். ஒன்றுகூடப் பொரிக்காது. ஒரே பானையில் பத்துப் பன்னிரண்டு முட்டை இருந்தால் ஆனந்தப்பட வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

நெற்றி, கண், மூக்கு மூணையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வருஷம் வரை வயசை ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். அதற்கு மேலே?

அதற்கு மேலே ஒன்றும் சொல்ல முடியாது, ஸார். ஒன்றரை வருஷப் பறவையும் அஞ்சு வருஷப் பறவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், எது மூத்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர் ஒன்று ஞானியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரியாக இருக்க வேண்டும். கூண்டில் சாதாரணமாக அஞ்சு முதல் எட்டு வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தைத் தாண்டியும் இருக்கும். லண்டனில் சார்லி என்று ஒரு பறவை 29 வருஷம் இருந்துவிட்டு 1977-ல்தான் கண்ணை மூடியது. அதன் பத்தாவது வயசில் யாராவது அதை எட்டு மாதம் என்று விற்றிருந்தால், நெற்றியையும் கண்ணையும் வைத்து மறுக்க முடிந்திருக்காது.

‘‘காலைப் பாருங்க ஸார், செதில் செதிலா இருக்கு, கிழடு!’’ என்று ஒரு கட்சி உண்டு. காலிலும் அலகோரத்திலும் சுண்ணாம்பு பூத்த மாதிரி பொரிந்திருந்தால் அது பெரும்பாலும் வயசு அல்ல, ஒருவகை உண்ணிப்பூச்சி. ஆறு மாதப் பறவைக்கும் வரும். மருந்து போட்டால் போய்விடும். போடாமல் விட்டால் மற்ற பறவைகளுக்கும் தொற்றும். அதேபோல, நீல மூக்கோடு இருந்த ஆண் திடீரென்று பிரவுன் மூக்காக மாறினால், ‘வயசாச்சு’ என்றோ ‘பெண்ணா மாறிடுச்சு’ என்றோ கதை கட்ட வேண்டாம். விதைப்பையில் கட்டி வந்து, அது பெண் ஹார்மோனைச் சுரப்பதால் அப்படி ஆவதுண்டு. கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டிய கேஸ்.

இந்த அடையாளங்களுக்கெல்லாம் சில பறவைகள் கட்டுப்படாது. சிவப்புக் கண் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உடம்பில் கறுப்பே கிடையாது. அப்புறம் நெற்றியில் கோடு எங்கே இருக்கும்? அவற்றில் வளர்ந்த ஆணுக்குக்கூட மூக்கு நீலமாகாமல் ரோஸாகவே இருந்துவிடும். திட்டுத் திட்டாக இரண்டு கலர் கலந்த ‘பைட்’ ரகத்திலும் ஒரு பிரிவுக்கு ஆண் மூக்கு ரோஸ்தான். கண்ணில் வளையமும் ஆயுசுக்கும் வராது. விலை அதிகமுள்ள ரகங்களில்தான் வயசு கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம் என்பதைக் கவனித்தீர்களா? கவனிக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே கவனித்துவிட்டார்கள்.

பர்த் சர்ட்டிபிகேட் என்று ஒன்று இல்லாமல் இல்லை. குஞ்சு பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் காலில் ஒரு மூடிய வளையம் மாட்டுவார்கள். அதில் வருஷம் பொறித்திருக்கும். கால் வளர்ந்த பிறகு அதைக் கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது. வெட்டித் திறக்கிற கலர் பிளாஸ்டிக் வளையம் வேறு. அதை எந்த வயசிலும் மாட்டலாம், அது வெறும் கொலுசு. வளையம் இல்லாத இடத்தில் ஒரே வழி, நெற்றியில் கோடு இருக்கும்போதே வாங்கி, நாமே வளர்த்து, வாங்கிய தேதியை நோட்டில் எழுதிவைப்பது. ‘ரெடிமேட் பிரீடிங் ஜோடி’க்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் மிச்சம். ஆறேழு மாதம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஜாயிண்ட் அக்கவுண்ட் ரகசியம்

இப்போது கலருக்கு வருவோம். பச்சை ஆண், பச்சைப் பெண். பானைக்குள் நாலு குஞ்சு. மூணு பச்சை, ஒன்று நீலம். உடனே வீட்டில் இருக்கிற பெரியவர் பக்கத்துக் கூண்டு நீல ஆணை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பாவம், அது தேமே என்று தினை கொறித்துக்கொண்டிருக்கும். அந்தப் பெண்ணின் மேல் எந்தக் களங்கமும் இல்லை என்று நான் சாட்சி சொல்லத் தயார்.

காரணம் இதுதான். லவ் பேர்ட்ஸ் உடம்பில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இறகுக்குள் இருக்கிற நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதன் பின்னால் திரைச்சீலை மாதிரி கறுப்புச் சாயம் இருப்பதால் நீலம் எடுப்பாகத் தெரிகிறது. இதோடு மஞ்சள் சாயம் சேர்ந்தால்? பச்சை! காட்டுப் பறவையெல்லாம் பச்சை. மஞ்சள் தயாரிக்கிற வேலை நின்றுபோனால் நீலம். கறுப்பு நின்றுபோனால், நீலம் தெரிவதற்குத் திரை இல்லாமல் மஞ்சள் மட்டும் மிஞ்சும். அதுதான் சிவப்புக் கண் லூட்டினோ. இரண்டுமே நின்றுபோனால் சுத்த வெள்ளை, அல்பினோ. கறுப்பு இல்லாததால்தான் கண்ணில் ரத்தச் சிவப்பு தெரிகிறது.

மஞ்சள் தயாரிக்க உத்தரவு போடுகிற மரபணு ஒவ்வொரு பறவையிடமும் இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பேங்கில் இரண்டு பேர் பெயரில் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ அக்கவுண்ட் இருக்கிறதல்லவா? யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலே போதும், பணம் வந்துவிடும். இதுவும் அப்படித்தான். இரண்டு பிரதியில் ஒன்று ஒழுங்காக இருந்தாலே மஞ்சள் வந்துவிடும், பறவை பச்சை. இரண்டுமே கெட்டுப்போயிருந்தால்தான் நீலம். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்றிருக்கும் பறவை வெளியே பார்க்கப் பச்சை. உள்ளே நீலத்தை ஒளித்துவைத்திருக்கும். வளர்க்கிறவர்கள் பாஷையில் ‘ஸ்பிளிட்’.

இரண்டு ஸ்பிளிட் சேர்ந்தால், இரண்டு பக்கமும் கெட்ட பிரதியையே கொடுக்கிற வாய்ப்பு நாலில் ஒன்று. அந்த ஒன்றுதான் மேலே சொன்ன நீலக் குஞ்சு. ஸ்பிளிட்டும் நீலமும் சேர்ந்தால் பாதிக்குப் பாதி. சுத்தப் பச்சையும் நீலமும் சேர்ந்தால் அத்தனையும் பச்சை, அத்தனையும் ஸ்பிளிட். நீலமும் நீலமும் சேர்ந்தால் பச்சை வரவே வராது. வந்தால் அப்போது பக்கத்துக் கூண்டு ஆணைப் பெரியவர் தாராளமாக விசாரிக்கலாம்!

பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் பாதிரியார் 1866-ல் பிரசுரித்த கணக்குதான் இது. 1900 வரை யாரும் அதைச் சீண்டவில்லை. 1920-களில் ஜெர்மனியின் பிரெமன் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஹான்ஸ் டங்கர், க்ரேமர் என்ற பணக்கார வியாபாரியின் பறவைகளை வைத்து அதை லவ் பேர்ட்ஸுக்குப் போட்டுக் காட்டினார். நீலப் பறவையில் கெட்டுப்போனது எது என்பது 2017-ல்தான் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று ‘செல்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதியது: மஞ்சள் தயாரிக்கிற என்சைமில் ஒரே ஒரு அமினோ அமிலம் இடம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்! ஒரு எழுத்துப் பிழை. அதற்குத்தான் கடையில் தனி ரேட்.

எழுத்துப் பிழை கொண்டுவந்த அழகுக்குத் திருவண்ணாமலையிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1947-ல் பரோடா மகாராணி ரமணாசிரமத்துக்கு ஒரு வெள்ளை மயிலை அனுப்பிவைத்தார். பகவானையே சுற்றிச் சுற்றி வந்ததாம். வெள்ளை மயில் என்று தனி ஜாதி எதுவும் இல்லை. நம்ம நீல மயிலேதான். சாயம் போடுகிற டிபார்ட்மெண்டில் ஸ்ட்ரைக்.

அம்மா மாதிரியா, அப்பா மாதிரியா?

சிவப்புக் கண் விஷயம் மட்டும் இந்த ஜாயிண்ட் அக்கவுண்ட் கணக்கில் அடங்காது. ஆனால் சுவாரஸ்யம் அங்கேதான் இருக்கிறது.

மனிதர்களில் பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்-ஒய். பிறப்பது பிள்ளையா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அப்பா. பறவைகளில் தலைகீழ். ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ. தீர்மானிப்பது அம்மா! பேத்தி பிறந்தால் மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்கள் லவ் பேர்ட்ஸ் கூண்டில் மாமியாராக இருந்தால் அதில் ஒரு விஞ்ஞான நியாயமாவது இருக்கும்.

சிவப்புக் கண்ணுக்கான மரபணு இந்த இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்கு இரண்டு இசட். ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். பெண்ணுக்கு இருப்பதே ஒன்று. சிங்கிள் ஆபரேட்டர் அக்கவுண்ட். அது கெட்டால் சிவப்புக் கண்தான். எனவே பெண் பறவை சிவப்புக் கண்ணுக்கு ஒருநாளும் ஸ்பிளிட்டாக இருக்க முடியாது. ‘‘பச்சைப் பொட்டைதான் ஸார், ஆனா ரெட் ஐ ஸ்பிளிட்’’ என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

இப்போது லூட்டினோ ஆணையும் பச்சைப் பெண்ணையும் ஜோடி போடுங்கள். பெண் குஞ்சுகளுக்கு இருக்கிற ஒரே இசட் அப்பாவிடமிருந்து வந்தது. எனவே பெண் அத்தனையும் சிவப்புக் கண். ஆண் குஞ்சுகளுக்கு அம்மாவின் நல்ல இசட்டும் உண்டு. எனவே ஆண் அத்தனையும் சாதாரணக் கறுப்புக் கண், உள்ளுக்குள் ஸ்பிளிட். பானைக்குள் எட்டிப் பார்த்து, குஞ்சு பொரித்த முதல் நாளே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். கண் திறக்கப் பத்து நாள் ஆகும் என்றாலும், மூடிய இமைத் தோல் வழியாகக் கறுப்புக் கண் கறுப்பாகவும் சிவப்புக் கண் ரோஸாகவும் தெரியும். மூக்குக் கலர் பார்க்க மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் உங்களுக்கு ஜோசியர் பட்டமே கிடைக்கும். கிளி இல்லாமலே!

ஜோடியைத் தலைகீழாகப் போட்டால், அதாவது சுத்தப் பச்சை ஆணும் லூட்டினோ பெண்ணும் என்றால், ஒரு சிவப்புக் கண்ணும் வராது. அதே இரண்டு கலர், அதே செலவு. எது அப்பா, எது அம்மா என்பதில்தான் வித்தியாசம்.

நீலத்திலேயே வெளிர் நீலம், கோபால்ட், மாவ் என்று மூணு சாயல் இருக்கிறது. கோபால்ட்டும் கோபால்ட்டும் சேர்ந்தால் நாலில் ஒன்று வெளிர் நீலம், இரண்டு கோபால்ட், ஒன்று மாவ். வெளிர் நீலமும் மாவும் சேர்ந்தால் அத்தனையும் கோபால்ட்! இது இரண்டு பாலில் எத்தனை டிகாக்‌ஷன் என்கிற கணக்கு. ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன், இல்லவே இல்லை. இதற்கு மேல் போனால் இந்தப் பக்கம் போதாது.

கூண்டுக்குள் ஒரு ஈமு

ஆனால் ‘நாலில் ஒன்று’ என்பதை நாலாவது குஞ்சு கண்டிப்பாக நீலம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் தாயம் ஆடியதே இல்லை என்று அர்த்தம். போன தடவை விழுந்தது என்ன என்று கட்டைக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு முட்டையும் ஒரு புது உருட்டல். நாலும் பச்சையாகவும் வரலாம், நாலில் மூணு நீலமாகவும் வரலாம்.

‘ஸ்பிளிட்’ வியாபாரம் ஆபத்தாக இருப்பது இதனால்தான். சாதாரணப் பச்சைப் பறவைக்கு ஒரு விலை. அதே பச்சையை ‘உள்ளே நீலம் இருக்கு’, ‘உள்ளே அல்பினோ இருக்கு’ என்று சொன்னால் இன்னொரு விலை. உள்ளே இருப்பதை எந்தக் கண்ணாடி போட்டும் பார்க்க முடியாது. கடையில் நிற்கும்போது நீங்கள் பணம் கொடுப்பது பறவைக்கு அல்ல, விற்கிறவரின் வார்த்தைக்கு. அவரிடம் அப்பா, அம்மா பறவைகளைக் காட்டச் சொல்லுங்கள். பச்சைக் குஞ்சின் பெற்றோரில் ஒன்று நீலம் என்றால் குஞ்சு கட்டாயம் ஸ்பிளிட், சந்தேகமே வேண்டாம். காட்ட முடியாது என்றால் சாதாரணப் பச்சை விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியாயிற்றா? சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்பிளிட் என்று சொன்ன பச்சை ஆணுக்கு ஒரு நீலப் பெண்ணை ஜோடி சேருங்கள். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தால் அவர் சொன்னது நிஜம். நிஜமான ஸ்பிளிட்டுக்கு வரிசையாக அஞ்சு குஞ்சும் பச்சையாகவே விழுகிற வாய்ப்பு 32-ல் ஒன்று, நூற்றுக்கு மூணு. அஞ்சும் பச்சை என்றால் கிட்டத்தட்ட முடிவு தெரிந்துவிட்டது. பத்தும் பச்சை என்றால் ஆயிரத்துக்கு ஒன்று, கதை முடிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த ஜோடி தனிக் கூண்டில் இருக்க வேண்டும். ஒரே பெரிய கூண்டில் பத்து ஜோடி இருந்தால் எது யார் குழந்தை என்று அருணாசலேஸ்வரருக்குத்தான் வெளிச்சம். பழைய ஆணிடமிருந்து பிரித்து வந்த பெண் என்றால் உடனே ஜோடி போடவும் கூடாது. உடம்புக்குள் பழைய விந்து சில நாள் உயிரோடு இருக்கும். இரண்டு, மூணு வாரம் தனியாக வையுங்கள்.

பறவைப் பண்ணை என்றால் நமக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொரு பறவை, ஈமு. குஞ்சு கொடுப்போம், தீவனம் கொடுப்போம், மாசாமாசம் பணம் கொடுப்போம் என்றார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. 1920-களில் ஜப்பானில் நீல லவ் பேர்ட்ஸ் மேல் இதே மாதிரி ஒரு வெறி கிளம்பி, விலை எங்கேயோ போய், அப்புறம் அதலபாதாளத்தில் விழுந்தது. காரணம் சின்னது. ஒரு ஜோடி ஒரு தடவைக்கு நாலிலிருந்து ஆறு முட்டை வைக்கும். நாள் விட்டு நாள் ஒரு முட்டை. 18 நாளில் குஞ்சு. ஒரு மாதத்துக்குச் சற்று மேலே பறக்கத் தயார். உங்கள் வீட்டில் மட்டுமா? உங்களைப் போலவே கணக்குப் போட்ட அத்தனை பேர் பால்கனியிலும். எல்லோரும் அதே கலர் குஞ்சை அதே கடைக்காரரிடம் கொண்டுபோய் நிற்பார்கள். பொழுதுபோக்கு என்றால் பேஷாக வளருங்கள். பைக் ட்யூவை மட்டும் சம்பளத்திலேயே கட்டிவிடுங்கள்.

இதில் நஷ்டப்படுகிற இன்னொரு பார்ட்டியும் உண்டு. அந்தப் பெண் பறவை.

அடைகாப்பது முழுக்க அவள்தான். ஆண் வாசலில் நின்று ஊட்டிவிடுவதோடு சரி. வருஷம் பூராவும் பானை தொங்கிக்கொண்டிருந்தால் அவள் வருஷம் பூராவும் முட்டை வைப்பாள், கால்சியம் தீர்கிற வரைக்கும். ஒரு வயசு நிறையாத பெண்ணும், நாலு வயசு தாண்டிய பெண்ணும் முட்டை வெளியே வராமல் சிக்கி, உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிடும். கவனிக்காவிட்டால் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். ‘எட்டு மாசம், உடனே முட்டை’ என்று விற்கப்பட்டது நிஜமாகவே எட்டு மாதமாக இருந்தாலும் ஆபத்து, எட்டு மாதம் என்று சொல்லப்பட்ட அஞ்சு வயசாக இருந்தாலும் ஆபத்து. வயசு தெரிய வேண்டியது ஜம்பத்துக்கு அல்ல, இதற்காகத்தான்.

கூண்டில் எப்போதும் ஒரு கடல் நுரைத் துண்டைச் செருகிவைத்திருங்கள். கால்சியம் அதில் இருக்கிறது. தினையோடு கொஞ்சம் கீரையும் கொத்தமல்லித் தழையும் போடுங்கள். ஆணை ஒரு வீட்டிலும் பெண்ணை இன்னொரு வீட்டிலும் வாங்குங்கள். ஒரே பானையில் பிறந்ததை ஜோடி சேர்ப்பது ஒரே கோத்திரத்தில் கல்யாணம் மாதிரி, கலர் வரும், ஆனால் குஞ்சுகள் நோஞ்சானாகிக்கொண்டே போகும். நோட்டில் முட்டை வைத்த தேதி, பொரித்த தேதி, பெற்றோர் கலர் மூணையும் எழுதுங்கள். நாளைக்கு நீங்கள் யாருக்காவது ஒரு பறவையைக் கொடுக்கும்போது, அந்தப் பக்கத்தைக் கிழித்து அதோடு கொடுத்துவிடலாம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை குஞ்சு எடுத்தால் போதும். இரண்டாவது செட் குஞ்சுகள் வெளியே வந்து தானாகத் தின்ன ஆரம்பித்ததும் பானையைக் கழற்றிக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். பானை இருந்த இடத்தில் அவள் ஒன்றிரண்டு நாள் தொங்கித் தொங்கித் தேடுவாள், கத்துவாள். அப்புறம் தினைக் கிண்ணத்துக்கு வந்துவிடுவாள்.